குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் யார் பெயர்? அஸ்வெசும, வளவு, நம் பெண்கள்

#1 வாவிக்கரை

போன மாதம் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் முடிகிற நேரத்தில் ஒருவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: அஸ்வெசும காசு (வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசாங்கம் மாதம் மாதம் கொடுப்பது) உங்கள் வீட்டில் யார் கணக்கில் விழுகிறது? வந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் "அவருடைய கணக்கில்" என்றார்கள். ஒருவருக்கு எந்த வங்கி என்பதே தெரியவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி என் மனதை விட்டுப் போகவில்லை.

நம் ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடும் வளவும் (வீட்டைச் சுற்றியுள்ள காணி) பெண்ணுக்குத்தான். மகள் பிறந்த நாளிலிருந்து தகப்பன் கல் சேர்ப்பார். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். குடி என்கிற வம்ச வழியும் தாய் வழியாகத்தான் வரும். தமிழரும் முஸ்லிம்களும் இதில் ஒன்றுபோலத்தான் நடக்கிறோம். ஆனால் அரசாங்கப் படிவம் ஒன்று வந்தால், "குடும்பத் தலைவர்" என்ற கட்டத்தில் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவரின் பெயரை எழுதுகிறோம்.

சுனாமிக்குப் பிறகு இது பெரிய அளவில் நடந்தது. நாட்டிலேயே அதிகம் பேர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில். கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சொன்னார்கள். அதற்குள் இருந்தவை எல்லாம் தாய் மகளுக்குக் கொடுத்த வளவுகள். மாற்று வீடு கொடுக்கும்போது பல இடங்களில் குடும்பத் தலைவர் பெயரில் கொடுத்தார்கள். ஒரு அலை தாயின் காணியைக் கொண்டு போனது, ஒரு கையெழுத்து அதை மருமகனின் வீடாக்கியது. நான் அந்த நாட்களில் முகாமில் பெயர் எழுதிக் கொடுத்தவள். நானும்தான் ஆண்களின் பெயரை முதலில் எழுதினேன், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

இப்போது எனக்குத் தங்கை முறையான ஒரு பெண்ணின் கதை. கணவன் இரண்டு வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப் போய் வேறு இடத்தில் இருக்கிறார். மூன்று பிள்ளைகளும் இவளோடு. கொடுப்பனவு அவர் கணக்கில் விழுகிறது, காசு எடுக்கும் அட்டையும் அவரிடம். பெயரை மாற்றக் கேட்டு மூன்று தடவை போனாள். முதல் தடவை "கணவரையும் கூட்டி வாருங்கள்" என்றார்கள். இரண்டாம் தடவை விவாகரத்துப் பத்திரம் கேட்டார்கள். மூன்றாம் தடவை பொறுப்பான உத்தியோகத்தர் லீவு. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போனது.

அஸ்வெசும 2023 ஜூலையில் தொடங்கியபோது நான்கு பிரிவு: 2,500, 5,000, 8,500, 15,000. 2025 இல் கடைசி இரண்டையும் 10,000, 17,500 என்று கூட்டினார்கள். தொகை கூடியது நல்லதுதான். ஆனால் அது "குடும்பத்துக்கு" என்று வருகிறது. குடும்பத்துக்குள்ளே யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை. இது பெண்ணின் பெயரில் வரவேண்டும் என்பது என் எண்ணம். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

#2 பழுகாமத்தான்

அக்கா, தங்கச்சியின் கதையைக் கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் எல்லா வீட்டிலும் ஆம்பிளை காசைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரையில் ஒரு போகம் வெள்ளம், ஒரு போகம் யானை. 2021 இல் இரசாயனப் பசளையை நிறுத்தியபோது என் மனைவியும் நானும் சேர்ந்துதான் வயல் வட்டையில் நின்று அழுதோம். எங்கள் வீட்டில் கணக்கு என் பெயரில்தான். அரிசி, பால்மா, பிள்ளையின் டியூஷன் எல்லாம் அதில்தான் போகிறது. பெயரை மாற்றினால் 10,000 ரூபாய் 20,000 ஆகிவிடுமா?

இன்னொன்றும் கேட்கிறேன். பெண்ணின் பெயரில் காசு வந்தால் நல்லது நடக்கும் என்றால், நுண்கடனும் பெண்ணின் பெயரில்தான் வந்தது. என்ன நடந்தது? எங்கள் ஊரில் தாலி அடகுக்குப் போனது, வளவுக் காணியை விற்றார்கள், கிழமைக்கு கிழமை லோன்காரர் படலையில் வந்து நின்றார்கள், ஒரு பிள்ளை நஞ்சு மருந்து குடித்தது. அதைப் பார்த்த எனக்கு "பெண் பெயரில்" என்று யாராவது சொன்னாலே பயம் வருகிறது.

#3 கணக்கெடுத்தவன்

அஸ்வெசும கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போனவர்களில் நானும் ஒருவன். பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆணின் பெயரைத்தான் எழுதவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வாசலில் நின்று "ஆர் குடும்பத் தலைவர்?" என்று கேட்டால், அந்த அம்மாவே உள்ளே திரும்பி "இஞ்ச வாங்க, உங்களைத்தான் கேட்கிறாங்க" என்று கூப்பிடுவார். அவர் கடலுக்குப் போயிருந்தால் "பின்னேரம் வாங்க தம்பி" என்பார். வீட்டில் எத்தனை பேர், எந்தப் பிள்ளைக்கு என்ன நோய், கரண்ட் பில் எவ்வளவு, எல்லாம் சொல்வது அந்த அம்மாதான். கையெழுத்து மட்டும் அவருடையது.

கேள்விகள் படிப்பு, சுகம், வருமானம், சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பக்கத்தைத் தொட்டு 22 குறிகாட்டிகளுக்குப் போகும். அவ்வளவு கேட்டும், வந்த காசை வீட்டில் யார் செலவழிக்கிறார் என்று கேட்க ஒரு கட்டம் இல்லை. அடி வாங்குகிற பெண்ணும் அதே கூரை, அதே கரண்ட் பில்லின் கீழ்தான் இருப்பாள். அந்தக் கணக்குக்கு இரண்டு வீடும் ஒன்றுதான்.

#4 வாவிக்கரை

தம்பி பழுகாமத்தான், நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாய் வரை கடன் எடுத்துத் தவணை தவறிய பெண்களின் கடனை அரசாங்கம் ஏற்றது. அதற்குப் பிறகும் மிச்சக் கடன் இருந்தது, ஒரு கடனை அடைக்க அடுத்த கடன் எடுத்த பெண்களை நீங்களும் அறிவீர்கள்.

ஆனால் அந்தக் கடன் ஏன் பெண்களைத் தேடி வந்தது? பகலில் வீட்டில் இருப்பாள், மானத்துக்குப் பயப்படுவாள், குழுவில் ஐந்து பேர் ஒருவருக்கொருவர் பிணை நிற்பார்கள், ஓடமாட்டாள். திருப்பி வாங்க வசதியான ஆள் என்று அவள் பெயரைப் பிடித்தார்கள். கட்டவேண்டிய காசுக்கு அவள் பெயர், கிடைக்கவேண்டிய காசுக்கு அவர் பெயர். கடனையும் கொடுப்பனவையும் நாம் ஒன்றாகப் பார்க்கக்கூடாது. ஒன்று அவளிடமிருந்து எடுப்பது, மற்றது அவளுக்கு உரியது.

தொகை போதாது என்பதிலும் உங்களோடு நிற்கிறேன். ஆனால் ஒரு வீட்டில் 10,000 ரூபாய் யார் கையில் இருக்கிறது என்பது, அந்த வீட்டுப் பெண் பஸ் காசு கேட்கவேண்டுமா இல்லையா என்பதை முடிவு பண்ணும். கிளினிக்குக்குப் போக, பொலிஸுக்குப் போக, தாய் வீட்டுக்குப் போக, எல்லாவற்றுக்கும் முதலில் பஸ் காசு வேண்டும்.

#5 மருதமுனை நெசவுக்காரி

அஸ்ஸலாமு அலைக்கும். எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பதினாறு வயதில் தறியில் உட்கார்ந்தவள். சாரன், சாரி இரண்டும் நெய்வேன். இப்போது ஐம்பத்தி மூன்று. பீஸுக்கு இவ்வளவு என்று காசு. நூல் வராத கிழமை காசு இல்லை. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இல் வந்ததாம். தொழிலாளியிடம் 8, முதலாளியிடம் 12 வீதம் பிடித்து வயது போனபின் கொடுப்பார்கள். என் மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், அவனுக்கு அது இருக்கிறது. அவனை நெய்து வளர்த்த எனக்கு இல்லை. ஏனென்றால் நான் என் வீட்டுத் திண்ணையில் வேலை செய்கிறேன், என்னைத் தொழிலாளி என்று எந்த இடாப்பிலும் எழுதவில்லை. கம்பனியில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பேறுகால லீவு 84 நாள் சம்பளத்தோடு. நான் மூன்றாவது பிள்ளைக்கு நோவு பிடிக்கிற அன்றைக்குக் காலையிலும் பாவு ஓட்டினேன்.

மாப்பிள்ளை விட்டுப் போய் ஒன்பது வருடம். தாபரிப்புக் காசுக்காக, முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளைப் பார்க்கும் காதி நீதிமன்றத்துக்கு அலைந்தேன். தீர்ப்பு வந்தது, காசு சில மாதம் வந்தது, பிறகு நின்றது. அஸ்வெசுமவுக்கு எழுதினேன், கிடைக்கவில்லை. விசாரித்தபோது வீடு நல்ல வீடு என்றார்கள். அந்த வீடு என் வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்தது. ஓடும் டைல்ஸும் இருக்கிறது. அதற்குள் அரிசி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. வாவிக்கரை சொல்கிறமாதிரி நம்மிடத்தில் வீடு பெண்ணுடையதுதான். அதுவே எனக்குத் தடையாக வந்து நிற்கிறது. வீட்டைக் கடித்துத் தின்ன முடியாது. விற்றால் என் மகளுக்கு எதைக் கொடுப்பது?

#6 கணக்கெடுத்தவன்

ராத்தா, உங்கள் பதிலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நீங்கள் சொல்வது நான் நேரில் கண்டது. சுவர், கூரை, நிலம் எல்லாம் சொத்துக் கணக்கில் புள்ளி ஆகும். சீதன வீட்டில் தனியாக இருக்கிற பெண் காகிதத்தில் வசதியானவளாகத் தெரிவாள். இந்த அளவுகோலைப் போட்டவர்களுக்கு நம் பக்கத்துச் சீதன வழக்கம் தெரிந்திருக்காது. நீங்கள் மேன்முறையீடு செய்தீர்களா? செய்திருந்தால் பிரதியை எறிந்துவிடாதீர்கள்.

#7 அம்மம்மாவின் பேத்தி

நான் அக்கரைப்பற்றுப் பக்கம். எனக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா குவைத்துக்குப் போனா. அம்மம்மாதான் என்னையும் தம்பியையும் வளர்த்தா. அப்பா மேசன் வேலை, இருந்தால் உண்டு.

2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கொண்டுவந்தார்கள். வீட்டு வேலைக்கு வெளிநாடு போகிற பெண், தன் பிள்ளைகளை யார் பார்ப்பார் என்று காட்டவேண்டும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது. 2022 இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனபோது அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். பிள்ளையின் நன்மைக்கு என்று போட்ட சட்டம், டொலர் தேவைப்பட்டபோது தளர்ந்தது. என் வயதுப் பிள்ளைகளுக்கு இது மறக்காது. ஆண்கள் வெளிநாடு போகும்போது பிள்ளைகளை யார் பார்ப்பார் என்று யாரும் அறிக்கை கேட்கவில்லை.

நான் சொல்ல வந்தது அம்மம்மாவைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், கிளினிக், சமுர்த்தி (அஸ்வெசுமவுக்கு முன் இருந்த அரசாங்க உதவித் திட்டம்) கூட்டம், எல்லாவற்றுக்கும் அவதான் போனா. காசு வந்தது அப்பா பெயரில். சமுர்த்திக் காலத்திலும் அப்படித்தான், அஸ்வெசுமவிலும் அப்படித்தான். எழுபது வயதுக்குப் பிறகு முதியோர் கொடுப்பனவு கிடைத்தபோதுதான் அவ வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெயரில் காசு வாங்கினா. முதல் மாதம் எனக்கு ஒரு செருப்பு வாங்கித் தந்தா.

கம்பஸில் படிக்கும்போது தென் ஆபிரிக்காவைப் பற்றி வாசித்தேன். அங்கே 1998 இல் தொடங்கிய பிள்ளைப் பராமரிப்புக் கொடுப்பனவு, பெற்றவர் யார் என்று பார்ப்பதில்லை. பிள்ளையை உண்மையில் யார் வளர்க்கிறாரோ அவருக்குப் போகும். பாட்டி வளர்த்தால் பாட்டிக்கு. வாசித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. என் அம்மம்மாவுக்கு ஒரு நாட்டில் ஒரு பெயர் இருக்கிறது: பிள்ளையை வளர்ப்பவர். நம் படிவத்தில் அவ பெயர் "ஏனைய உறுப்பினர்".

#8 திருக்கோவில் மகள்

நான் படிப்புக்காகச் சென்னையில் இருக்கிறேன். இங்கே 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை என்று மாதம் ஆயிரம் ரூபாய் பெண்களின் கணக்குக்கே போடுகிறார்கள். ஒரு கோடிக்கு மேல் பெண்கள் வாங்குகிறார்கள். வருமானம், காணி, கரண்ட் என்று இங்கேயும் வரம்பு இருக்கிறது, விடுபட்டவர்களும் இருக்கிறார்கள், அதில் கோபமும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது பெயர். உதவி என்று சொல்லவில்லை, உரிமைத் தொகை என்று வைத்தார்கள். குடும்பத் தலைவி என்ற சொல்லுக்குள் கல்யாணம் ஆகாமல் தனியாக இருக்கிற பெண்ணையும் கைம்பெண்ணையும் திருநங்கையையும் சேர்த்தார்கள். நம் ஊரில் இன்னும் அரசாங்க உதவிக் காசைப் "பிச்சைச் சம்பளம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதை வாங்கப் போகிற கிழவி தலையைக் குனிந்துதான் போவா.

பிரேசிலில் 2003 இல் தொடங்கிய போல்சா ஃபமிலியா திட்டத்துக்கு அடுத்த வருடம் வந்த சட்டத்திலேயே, காசைப் பெண்ணுக்குக் கொடுப்பதையே விரும்புகிறோம் என்று எழுதினார்கள். அட்டை வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பாகிஸ்தானில் 2008 இல் வந்த பேநசீர் வருமான உதவித் திட்டமும் பெண்ணுக்குத்தான் கொடுக்கிறது. வாங்க அடையாள அட்டை வேண்டும் என்பதால், அதுவரை அட்டையே எடுக்காத பெண்கள் போய் எடுத்தார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். மெக்சிகோவில் 1997 இல் புரொகிரேசா என்று தொடங்கினார்கள். தாயின் கையில் காசு. பதிலுக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவேண்டும், கிளினிக் போகவேண்டும், தாய் கூட்டங்களுக்கு வரவேண்டும். பிள்ளைகள் படித்தார்கள், அது உண்மை. அந்த நிபந்தனைகளையெல்லாம் நிறைவேற்றிய உழைப்பு முழுக்கத் தாயின் தலையில். தகப்பனுக்கு ஒரு கூட்டமும் இல்லை. நம் சமுர்த்திக் கூட்டங்களையும் சிரமதானங்களையும் நினைத்துப் பார்த்தேன், அங்கேயும் போய் நின்றது யார்?

#9 பாலர் டீச்சர்

சிறிதாக ஒன்று. சமூகப் பாதுகாப்பு என்றால் காசு மட்டும் இல்லை. இந்தியாவில் 2005 இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றும், வேலை நடக்கும் இடத்தில் சிறு பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஆள் என்றும் எழுதினார்கள். எல்லா இடத்திலும் நடந்ததா என்பது வேறு கதை. எழுதியாவது வைத்தார்களே. எங்கள் பாலர் பாடசாலை பன்னிரண்டு மணிக்கு மூடும். களை பிடுங்கப் போகிற தாய்மார் அதற்குப் பிறகு பிள்ளையை மூத்த பெண் பிள்ளையிடம் விடுகிறார்கள். அந்த மூத்த பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாது. எனக்கும் சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. சேமலாப நிதியும் இல்லை. இருபது வருடமாக இந்த வேலை.

#10 பழுகாமத்தான்

இரண்டு நாளாக இதை வாசித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். அவ ஒரே ஒரு கேள்வி கேட்டா: "உங்களுக்கு ஏதும் நடந்தால் அந்தக் கணக்கில் இருக்கிற காசை நான் எப்படி எடுக்கிறது?" என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் அவவின் தாய் வீட்டுக் கதையும் வந்தது. அவர்கள் அம்பாறையில் ஒரு குடியேற்றத் திட்டம். மாமாவுக்கு அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி, இரண்டு ஏக்கர் வயல். வாரிசு எழுதாமல் மாமா இறந்துபோனார். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935 ஆம் ஆண்டுச் சட்டம். வாரிசு எழுதாவிட்டால் அதன் அட்டவணையில் மகள்களுக்கு முன்னால் மகன்கள். மாமாவோடு கடைசி மட்டும் வயலில் நின்றது என் மனைவி. காணி அண்ணனுக்கு. 2022 இல்தான் அந்த ஆண் பெண் பேதத்தைத் திருத்தினார்கள். மாமா இறந்தது அதற்கு முந்தி. காணி பெயரில் இல்லாததால் பசளை மானியத்துக்கும் கமநலக் காரியங்களுக்கும் விவசாயி என்று அவ பெயர் எங்கேயும் இல்லை. விதைக்கிறதும் களை பிடுங்குகிறதும் அவ. நான் விவசாயி, அவ "விவசாயியின் மனைவி".

இதெல்லாம் எனக்குத் தெரிந்த விசயம்தான். ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்க்கவில்லை. காணிப் பத்திரத்தில் இல்லாத பெயர் பசளையில் வராது, பென்சனில் வராது, கடைசியில் அஸ்வெசுமவிலும் வராது. அக்கா, தொகை பற்றி நான் சொன்னதை விடமாட்டேன், ஆனால் பெயர் விசயத்தில் உங்களோடு வருகிறேன். எங்கள் கணக்கை அவ பெயருக்கு மாற்ற என்ன செய்யவேண்டும் என்று கிராம சேவகரிடம் நாளைக்குக் கேட்கிறேன். கணவன் நேரில் போய்க் கேட்டால் என்ன பதில் வருகிறது என்றும் பார்ப்போம்.

#11 வாவிக்கரை

தம்பி, போய்விட்டு வந்து கட்டாயம் எழுதுங்கள். கணவன் கேட்டால் ஒரு நாளிலும், மனைவி கேட்டால் மூன்று தடவையிலும் என்றால் அதையும் மனுவில் சேர்க்கலாம்.

ஆம், மனு ஒன்று எழுதுகிறோம். சங்கத்தில் முடிவாகிவிட்டது. உங்கள் பதில்களிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இவை. பெண் கேட்டால், பிரிந்து வாழ்கிறாள் என்று கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தினால் போதும், விவாகரத்துப் பத்திரம் இல்லாமலே கணக்கை மாற்றவேண்டும். புதிதாகப் பதிகிற வீட்டில் பிள்ளையை வளர்ப்பவரின் பெயரில் கணக்கு திறக்கவேண்டும், அது அம்மம்மாவாக இருந்தாலும். சீதன வீட்டைத் தனியாக இருக்கிற பெண்ணின் வசதி என்று எண்ணக்கூடாது. நெசவு, பாய் பின்னல், பீடி என்று வீட்டிலிருந்து உழைப்பவர்களைத் தொழிலாளி என்று பதிய ஒரு இடாப்பு வேண்டும். டீச்சர் சொன்ன பிள்ளை பராமரிப்பு விசயத்தைத் தனியாக எழுதவேண்டும் என்று நினைக்கிறேன், இதற்குள் போட்டால் கடைசி வரியாகிப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள்.

யுத்த காலத்தில் காணாமல் போனவர்களின் மனைவிமார் பற்றி இங்கே யாரும் எழுதவில்லை, நானும் விட்டுவிட்டேன். 2016 இல் சட்டம் வந்து, காணவில்லை என்பதற்கான சான்றிதழ் எடுக்கலாம் என்றானது. அதுவரை மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் எதுவும் நடக்கும் என்ற நிலை. உயிரோடு இருப்பார் என்று காத்திருக்கிற பெண்ணிடம் அவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்துக் கேட்டார்கள். எங்கள் சங்கத்தில் நான்கு பேர் இன்னும் அந்தச் சான்றிதழும் எடுக்கவில்லை, எடுக்க மனமும் இல்லை. அவர்களின் படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் இன்றைக்கும் அவர் பெயர்தான். அதை மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களுக்கு அந்தக் கட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு கணக்கை மட்டும் தங்கள் பெயரில் திறக்க வழி வேண்டும். இதை எப்படி எழுதுவது என்று தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள்.

மருதமுனை ராத்தா, உங்கள் மேன்முறையீட்டுப் பிரதி இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்பிவிடுங்கள். தங்கை நாளைக்கு நான்காம் தடவை போகிறாள், இந்த முறை நானும் கூடப் போகிறேன்.